பாறையைத் தேய்த்த மாட்டு வண்டிகள்: வயோமிங்கில் ஒரு மாலை

எல்லோருக்கும் வணக்கம். கேமராவைக் கீழே இறக்குகிறேன், முதலில் தரையைப் பாருங்கள். வாய்க்கால் மாதிரி தெரிகிறது, இல்லையா? தண்ணீர் ஓடி வந்த பள்ளமில்லை இது. மாட்டு வண்டிகள் போய்ப் போய்ப் பாறையே தேய்ந்துபோன தடம். சில இடங்களில் ஆழம் 5 அடி வரை இருக்கிறது.

இடம், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கெர்ன்ஸி என்ற சின்ன ஊர், நார்த் பிளாட் ஆற்றுக்குத் தெற்குக் கரை. ஆரிகன் டிரெயில், அதாவது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறப் போனவர்களின் வண்டிப் பாதை, இந்த வழியாகத்தான் போனது. இந்த இடத்தில் ஆற்றோரமாக வண்டி ஓட்ட வழியில்லை, இந்த மேட்டில் ஏறித்தான் ஆகவேண்டும். இரும்புப் பட்டை போட்ட சக்கரம், கீழே மிருதுவான மணற்பாறை. வந்த வண்டியெல்லாம் ஒரே தடத்தில் ஏறியதால் இவ்வளவு ஆழம்.

மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து ஆரிகன் வரை சுமார் 2,000 மைல். 1843இல் ஏறக்குறைய 1,000 பேர் ஒரே கூட்டமாகக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு வருடா வருடம் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. புல் முளைப்பதற்கு முன் கிளம்பினால் மாட்டுக்குத் தீனி இல்லை, தாமதித்தால் மேற்கு மலைகளில் பனி மறித்துவிடும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில்தான் புறப்பாடு. போய்ச் சேர ஐந்து, ஆறு மாதங்கள் ஆகும்.

இங்கே வந்து நின்ற பிறகுதான் ஒன்று எனக்கு உறைத்தது. இது நடந்தே போன பயணம். வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது, உள்ளே உட்கார்ந்தால் உடம்பு குலுங்கி எடுத்துவிடும். எருதுகளின் பாரத்தைக் குறைக்கவும் வேண்டும். ஆகவே பெண்கள், பிள்ளைகள் உட்பட முக்கால்வாசிப் பேர் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தார்கள். நாளுக்குச் சுமார் 15 மைல்.

வண்டிக்குள் இருந்ததெல்லாம் சாப்பாட்டுச் சாமான்தான். ஓர் ஆளுக்கு மாவு மட்டும் 200 பவுண்டு என்று அன்றைய வழிகாட்டி நூல் சொல்கிறது. உப்புப் போட்ட பன்றி இறைச்சி, காபி, சர்க்கரை எல்லாம் தனி. முட்டை உடையாமல் இருக்கச் சோள மாவுக்குள் புதைத்து வைப்பார்கள். காலையில் பாலை ஒரு வாளியில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டால், குலுங்கின குலுக்கலில் சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்கும்! இதைப் படித்த அன்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

அப்புறம் அடுப்பு. இந்தச் சமவெளியில் விறகுக்கு எங்கே போவது? காட்டெருமைச் சாணம்தான் எரிபொருள். வறட்டி தட்டுகிற வேலைகூட இல்லை, புல்வெளியில் தானாகவே காய்ந்து கிடக்கும். பெண்களும் பிள்ளைகளும் நடந்துகொண்டே மடியில் பொறுக்கிச் சேர்ப்பார்கள். காய்ந்தது நன்றாக எரியும். மழை பெய்த ராத்திரி அடுப்பு எரியாது, ஆறிப்போனதைத் தின்றுவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

படங்களில் வண்டிகளை வட்டமாக நிறுத்தினாலே சண்டைதான் என்று காட்டுவார்கள். பெரும்பாலும் அது மாடுகள் ஓடிவிடாமல் இருக்கப் போட்ட பட்டி. ஆட்களைக் கொன்றது முக்கியமாகக் காலரா, அதுவும் 1849 முதல் 1852 வரை. பிளாட் ஆற்றோரம் காலையில் நன்றாக இருந்தவரை இரவுக்குள் புதைத்துவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். ஆற்றைக் கடக்கும்போது மூழ்கியவர்கள், சக்கரத்தில் அகப்பட்ட குழந்தைகள், இதெல்லாம் வேறு. ஜான் அன்ரூ என்ற வரலாற்றாய்வாளர் கணக்கெடுத்திருக்கிறார்: 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகள் கையில் இறந்த பயணிகள் 362 பேர், பயணிகள் கையில் இறந்த பூர்வகுடிகள் 426 பேர்.

இந்தத் தடத்தைப் பற்றிப் பேசினால் அந்தப் பூர்வகுடிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். லகோட்டா, ஷையேன், அரபாஹோ மக்கள் வாழ்ந்த நிலம் இது. இவ்வளவு மாடுகள் ஆற்றோரப் புல்லை மேய்ந்தன, இருந்த கொஞ்ச மரத்தையும் வெட்டினார்கள், காட்டெருமை விலகிப் போனது. 1851இல் அமெரிக்க அரசு அவர்களோடு செய்த லாரமி கோட்டை ஒப்பந்தத்தில் இதற்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 டாலர் மதிப்புள்ள பொருள்கள், 50 வருடத்துக்குத் தருவதாகப் பேசினார்கள். பிறகு செனட் சபை அதைப் 10 வருடமாகக் குறைத்துவிட்டது. கையெழுத்தான பிறகு இப்படிக் குறைத்ததை என்னால் நியாயம் என்று சொல்லவே முடியவில்லை.

இந்தத் தடங்கள் மறந்துபோகாமல் இருக்கப் பாடுபட்டவர் எஸ்ரா மீக்கர். 1852இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இந்த வழியே போனவர். 1906இல், எழுபத்தைந்து வயதில், மறுபடி மாட்டு வண்டி கட்டி மேற்கிலிருந்து கிழக்கே திரும்பி வந்தார், வழியெல்லாம் ஊர்க்காரர்களைப் பிடித்து நினைவுக்கல் நட வைத்தபடி. இங்கே நிற்கும்போது அவரைத்தான் அதிகம் நினைக்கிறேன்.

சரி, வெயில் சாய்கிறது. பக்கத்திலேயே ரெஜிஸ்டர் கிளிஃப் என்ற பாறை இருக்கிறது. லாரமி கோட்டையிலிருந்து ஒரு நாள் நடை, இரவு தங்கியவர்கள் அதில் பெயர் செதுக்கிவிட்டுப் போனார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய், எழுத்துத் தெரிகிற பெயர்களை வாசித்துக் காட்டுகிறேன், வாருங்கள்.