பவர் மேனேஜ்மென்ட் டிரைவர்: செட்டப் பாதியில் நின்றால் எதையெல்லாம் கலைக்க வேண்டும்?

[திரை: பூட் லாக் ஓடி முடிந்து, லாகின் திரை வருகிறது. சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை.]

லினக்ஸ் கர்னலில் ஐடில் டிரைவர், அதாவது வேலையில்லாத சிபியூவைத் தூங்க வைக்கும் டிரைவர், செட்டப்பிலேயே தோற்றுப்போனாலும் கணினி நிற்காது. வழக்கம்போல பூட் ஆகும், எல்லா புரோகிராமும் ஓடும். வேலையில்லாத சிபியூவைக் கர்னல் தன்னிடம் இருக்கும் எளிய வழியில் ஓய்வெடுக்க வைக்கும். ஆர்ம் சிப்பில் அது, இன்டரப்ட் வரும்வரை காத்திரு என்று சொல்லும் டபிள்யூஎஃப்ஐ கட்டளை. ஆழமான தூக்க நிலைகள் மட்டும் கிடைக்காது. பேட்டரி வேகமாக இறங்கும், சிப் சூடாகும், அவ்வளவுதான். அதனாலேயே இந்த வகைப் பிழைகள் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

முழுக்கத் தோற்ற டிரைவரால் பெரிய ஆபத்தில்லை. பாதி தோற்றதுதான் ஆபத்து. விடுவித்த மெமரியைக் காட்டும் பாயின்டர் ஒன்று எங்கோ மிஞ்சியிருக்கும். அடுத்த முறை ஒரு சிபியூவை ஆஃப்லைன் செய்யும்போதோ கணினியை சஸ்பெண்ட் செய்யும்போதோ அது வெடிக்கும். கிராஷ் லாக்கில் செட்டப் ஃபங்ஷனின் பெயரே இருக்காது.

[திரை: டெர்மினல். சிஸ் → டிவைசஸ் → சிஸ்டம் → சிபியூ → சிபியூஐடில்]

கர்னலில் ஐடில் டிரைவர்களைக் கவனிக்கும் பகுதிதான் சிபியூஐடில். முதலில் டிரைவர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த டைரக்டரியில் கரன்ட்_டிரைவர் என்ற ஃபைலைப் படித்தால் பெயர் தெரியும். ஒவ்வொரு சிபியூவின் டைரக்டரியிலும் சிபியூஐடில் என்ற உள் டைரக்டரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டிரைவர் பெயர் வருகிறது, சிபியூ 3-க்கு மட்டும் அந்த டைரக்டரி இல்லை என்றால், டிரைவர் பதிவாகிவிட்டது, அந்த ஒரு சிபியூவின் டிவைஸ் பதிவுதான் தோற்றிருக்கிறது.

டிரைவரைப் பதிவு செய்யும் ஃபங்ஷன் திருப்பித் தரும் பிழை எண்களில் மூன்று அடிக்கடி வரும். மைனஸ் 22: டிரைவர் விவரத்தில் ஒரு தூக்க நிலைகூட நிரப்பப்படவில்லை. மைனஸ் 19: சிபியூஐடில் அணைக்கப்பட்டிருக்கிறது, பூட் வரியில் சிபியூஐடில்.ஆஃப்=1 கொடுத்திருந்தால் இது வரும். மைனஸ் 16: வேறொரு டிரைவர் முந்திக்கொண்டது. இந்தக் கடைசி எண்ணைப் பிழையாக நினைத்து லாக்கில் கத்த வேண்டாம். இன்டெல் சிப்களுக்கான இன்டெல்_ஐடில் டிரைவர் முதலில் பதிவாகிவிட்டால், ஃபர்ம்வேர் தரும் விவரத்தை வைத்து ஓடும் ஏசிபிஐ வழிக்கு இடமில்லாமல் போவது இயல்பு. இன்டெல்_ஐடில் தான் தோற்கும்போதும் இன்னாருக்கு வழிவிடுகிறேன் என்று டீபக் அளவில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதுதான் சரியான நாகரிகம்.

[திரை: செட்டப்பின் மூன்று படிகள் மேலிருந்து கீழாக, கலைக்கும் மூன்று வேலைகள் கீழிருந்து மேலாக]

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். இன்டெல்_ஐடிலின் செட்டப்பில் மூன்று பெரிய படிகள். ஒவ்வொரு சிபியூவுக்கும் தனி மெமரி ஒதுக்குவது, டிரைவரைப் பதிவது, சிபியூ ஆன்லைன் ஆகும்போது அழைக்க வேண்டிய ஃபங்ஷனை, அதாவது கால்பேக்கை, சிபியூக்களை ஓட்டத்திலேயே ஏற்றி இறக்கும் ஹாட்பிளக் அமைப்பில் பதிவது. மூன்றாவது தோற்றால்: பதிவான டிவைஸ்களை நீக்கு, டிரைவரை நீக்கு, மெமரியை விடு. இரண்டாவது தோற்றால் மெமரியை மட்டும் விடு. கோட்டூ கட்டளை தாவிச் செல்லும் லேபிள்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கினால், எந்தப் படியில் தோற்றாலும் அதற்கு உரிய லேபிளில் இறங்கி மீதியெல்லாம் தானாக நடக்கும். கோட்டூ என்றாலே கெட்டது என்று படித்தவர்கள் அந்தப் பாடத்தை இங்கே மறந்துவிடலாம்.

இதில் ஓர் ஒப்பந்தம் ஒளிந்திருக்கிறது. தோற்ற ஃபங்ஷன் தான் பாதி செய்ததைத் தானே கலைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும், அழைத்தவர் அதற்கு முந்தைய படிகளை மட்டும் கலைக்க வேண்டும். சிபியூஐடிலின் டிவைஸ் பதிவு இப்படித்தான் நடந்துகொள்கிறது: சிஸ் டைரக்டரியில் காட்டும் சிஸ்எஃப்எஸ் சேர்ப்பு தோற்றால், பட்டியலில் சேர்த்ததை அதுவே எடுத்துவிடும். சிபியூவின் வேகத்தைக் கவனிக்கும் சிபியூஃப்ரீக்கிலும் இதே கதைதான். டிரைவரின் தொடக்க ஃபங்ஷனான இனிட் தோற்றால், முடிவு ஃபங்ஷனான எக்ஸிட் அழைக்கப்படாது. இனிட்டில் எடுத்த கிளாக்கை எக்ஸிட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், தோல்விப் பாதையில் அது கசியும்.

ஒப்பந்தத்துக்கு விலக்கும் உண்டு. சிஸ்எஃப்எஸ்ஸில் தெரியும் பொருள்களுக்கு அடிப்படையான கேஆப்ஜெக்டை இனிட் செய்து சேர்க்கும் ஃபங்ஷன் தோற்றாலும், அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை 1-ல் நிற்கும். அங்கே மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீயை நேராகப் போடக்கூடாது, கேஆப்ஜெக்ட்_புட் போட வேண்டும். டிவைஸ்_ரெஜிஸ்டரும் அப்படியே, தோற்றால் புட்_டிவைஸ்.

[திரை: நான்கு சிபியூ கட்டங்கள். சிபியூ 0, 1 பச்சை, சிபியூ 2 சிவப்பு]

சிபியூவுக்குச் சிபியூ டிவைஸ் பதிவாகும் இடத்தில்தான் புரோகிராம் கோடு நுணுக்கமாகிறது. ஏசிபிஐ புராசசர் டிரைவரில் நெடுநாள் இருந்த அமைப்பைப் பாருங்கள். முதல் சிபியூ வரும்போது டிரைவரும் சேர்ந்து பதிவாகும், எத்தனை டிவைஸ் பதிவானது என்று ஒரு கவுன்டர் எண்ணிக்கொண்டிருக்கும். டிவைஸ் பதிவு தோற்றால் கவுன்டரைப் பார்க்க வேண்டும். அது பூஜ்யம் என்றால் டிரைவரை நீக்கலாம். பூஜ்யம் இல்லையென்றால் நீக்கக்கூடாது, மற்ற சிபியூக்கள் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதோடு முடியவில்லை. அந்த சிபியூவுக்காக ஒதுக்கிய டிவைஸ் மெமரியை விடுவிக்க வேண்டும், ஒவ்வொரு சிபியூவுக்கும் தனியாக இருக்கும் பெர்-சிபியூ மாறியில் வைத்த அதன் பாயின்டரை நல், அதாவது எதையும் காட்டாத வெற்று மதிப்பு, ஆக்க வேண்டும். முதலாவதை மறந்தால் லீக். இரண்டாவதை மறந்தால் இன்னும் மோசம்: இந்த சிபியூவுக்கு டிவைஸ் இருக்கிறது என்று ஹாட்பிளக் கோடு நம்பி, விடுவித்த மெமரியைத் தொடும்.

சுழற்சியில் பின்னோக்கிக் கலைக்கும்போது எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போவதும் கண்ணிதான். சிபியூ எண்கள் தொடர்ச்சியாக இருக்கும் என்று உத்தரவாதமில்லை. இடைவெளியில் விழும் எண்ணுக்கு டிவைஸே இருக்காது. பாயின்டர் நல் மதிப்பா என்று பார்க்காமல் அதிலிருந்து டிரைவரை எடுக்கப்போனால் செட்டப்பிலேயே கிராஷ்.

[திரை: "ரிடர்ன் மதிப்பு > 0"]

ஹாட்பிளக் பதிவில் இரண்டு விஷயம். டைனமிக் ஸ்டேட், அதாவது கர்னலே எண் ஒதுக்கித் தரும் ஒரு படி, கேட்டால், வெற்றியின்போது ஒதுக்கப்பட்ட ஸ்டேட்டின் எண் திரும்பி வரும், அது பூஜ்யத்தைவிடப் பெரியது. பூஜ்யம் இல்லையென்றால் பிழை என்று எழுதினால், வெற்றியைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கலைத்துவிடுவீர்கள். பூஜ்யத்தைவிடக் குறைவா என்றுதான் சோதிக்க வேண்டும். அந்த எண்ணைச் சேமித்தும் வையுங்கள், நீக்கும்போது அதுவே வேண்டும். அடுத்தது: கால்பேக் ஒரு சிபியூவில் தோற்றால், ஏற்கெனவே வென்ற சிபியூக்களுக்கு மட்டும் கலைக்கும் ஃபங்ஷனான டியர்டவுன் அழைக்கப்படும். தோற்ற சிபியூவுக்கு அழைப்பு வராது. பாதி வேலையைக் கால்பேக்கே சுத்தம் செய்ய வேண்டும்.

பாயின்டர் சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெமரி ஒதுக்கும் கேஇசட்அலாக் தோற்றால் நல் தரும், கிளாக் கேட்கும் ஃபங்ஷன் பிழை எண்ணைப் பாயின்டருக்குள் ஒளித்துத் தரும். பின்னதை நல் மதிப்புடன் ஒப்பிட்டால் பிழை தப்பிவிடும், இஸ்_எர் சோதனை வேண்டும். வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ஒரு நோடு எடுத்தால், திரும்பும் ஒவ்வொரு பாதையிலும் ஆஃப்_நோடு_புட் வேண்டும்.

மைனஸ் 517-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளாக்கோ ரெகுலேட்டரோ இன்னும் தயாராகவில்லை, பிறகு வா என்பது அதன் பொருள். அதை மைனஸ் 19 ஆக மாற்றித் திருப்பினால் கர்னல் மறுபடி முயலாது, சிபியூ கடைசிவரை பூட்லோடர் வைத்த வேகத்திலேயே ஓடும். வந்த எண்ணை அப்படியே மேலே அனுப்புங்கள். பிழையை எழுதும் டெவ்_எர்_ப்ரோப் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் இந்த எண்ணுக்கு லாக்கில் இரைச்சல் இருக்காது, காத்திருக்கும் காரணமும் டீபக்எஃப்எஸ்ஸில் டிவைசஸ்_டிஃபர்டு ஃபைலில் பதிவாகும்.

[திரை: டெர்மினல்]

தோல்விப் பாதையை ஓட்டிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். மாட்யூலாக ஏற்றும் டிரைவர் என்றால், மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்க வைக்கும் ஃபெயில்ஸ்லாப் இயக்கிய கர்னலில் ப்ராக் → செல்ஃப் → ஃபெயில்-என்த் ஃபைலில் 1 என்று எழுதி, அதே ஷெல்லிலிருந்து எக்ஸெக் மூலம் மாட்யூலை ஏற்றுங்கள். பிறகு 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு மெமரி ஒதுக்கீடும் முறைவைத்துத் தோற்கும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும், கசிந்த மெமரியைத் தேடும் கேமெம்லீக் ஃபைலில் ஸ்கேன் என்று எழுதி, சில நொடி விட்டு இன்னொரு முறை எழுதி, அதைப் படியுங்கள்.

ஆனால் ஹாட்பிளக் கால்பேக் வேறு த்ரெட்டில் ஓடும், இந்த வழி அங்கே எட்டாது. அதற்கு முதலில் சிபியூ டைரக்டரியில் ஹாட்பிளக் → ஸ்டேட்ஸ் ஃபைலைப் படித்து உங்கள் ஸ்டேட்டின் எண்ணை எடுங்கள். ஒரு சிபியூவை ஆஃப்லைன் செய்யுங்கள். அதன்பிறகுதான் அந்த சிபியூவின் ஹாட்பிளக் → ஃபெயில் ஃபைலில் அந்த எண்ணை எழுத வேண்டும், முன்பே எழுதினால் ஆஃப்லைன் செய்யும்போதே தோற்றுவிடும். இப்போது ஆன்லைன் செய்தால் மைனஸ் 11 வந்து, ஏறிய படிகளைக் கர்னல் இறங்கும். இந்தத் தோல்வி ஒருமுறைதான், எண் தானாக அழிந்துவிடும். மறுபடி ஆன்லைன் செய்யுங்கள். இம்முறை சிபியூ ஏறி, அதன் சிபியூஐடில் டைரக்டரியில் எல்லாத் தூக்க நிலைகளும் தெரிய வேண்டும்.