கூலி கைக்கு வரும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் மின்ட், வால்டாக்ஸ் சாலை, பிராட்வே பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் போயிருப்பீர்கள். கடை ஷட்டர் இறங்கியதும் அதன் முன்னால் அட்டை விரித்துப் படுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூட்டை தூக்குகிறவர்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்கள். சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதே பிளாட்பாரத்தில் இருக்கின்றன. அவர்களில் பலருடைய தலைமாட்டில் ஒரு கைபேசியும் இருக்கும். வீடு இல்லை, போன் இருக்கிறது. அந்தப் போனை வைத்துக் குடியைக் குறைக்க முடியுமா? சில வருடங்களாக இந்த மக்களோடு பழகுகிற எனக்கு இதுதான் ஓயாத யோசனை.

அமெரிக்காவில் டெக்சாஸில் இதற்கென்றே ஒரு செயலியை உருவாக்கத் திட்டமிட்டார்கள். 2020-ல் அந்தத் திட்டம் வெளியானது. வீடில்லாதவர்களிடம் போன் கேள்வி கேட்கும். ஒரு நாளைக்குப் பல தடவை கேட்கும். மனசு எப்படி இருக்கிறது, பக்கத்தில் சரக்கு கிடைக்குமா, இப்படி. பதில்களை வைத்து, இவர் இப்போது குடிக்கப் போகிறார் என்று கணித்து, குடிப்பதற்கு முன்னாலேயே ஒரு செய்தி அனுப்பும். இந்த ‘முன்னாலேயே’ என்பதுதான் எனக்குப் பிடித்தது. குடித்த பிறகு சொல்லும் புத்திமதி யார் காதிலும் ஏறாது.

நம் ஊரில் அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கக் கணிப்பே வேண்டாம். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். சாயங்காலம் கூலி கைக்கு வரும். கூலி வாங்கிய இடத்திலிருந்து கடைவரை நடக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் நேரம். வயிறு காலி, உடம்பெல்லாம் வலி, கையில் காசு. அந்தச் சமயத்தில் போன் அடித்து, “நைனா, சாப்டியா? முதல்ல சாப்டு” என்று தெரிந்த குரல் ஒன்று சொன்னால், சில நாள் அது வேலை செய்கிறது. எல்லா நாளும் இல்லை. சில நாள்.

மண்ணடி இரும்புக் கடைகளில் லோடு ஏற்றும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு செயலியைப் போட்டுக் காட்டினேன். நேற்று எத்தனை கிளாஸ் என்று கேட்டது. அவர் சிரித்துவிட்டார். “தம்பி, எனக்கு கிளாஸ் கணக்கு தெரியாது. குவாட்டர், இல்லன்னா கட்டிங்.” சரி, உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் சாராயம் 42.8 சதவீதம். எடையில் ஏறக்குறைய 60 கிராம். ஒரு கிளாஸுக்குப் பத்து கிராம் என்று வைத்தால், ஒரே குவாட்டர் ஆறு கிளாஸ். அவருக்கு இந்தக் கிராம் கணக்கு ஏறவில்லை. ஆனால் எண்ண வேண்டும் என்பது ஏறிவிட்டது. குடித்த பாட்டிலின் மூடியைப் பையில் போட ஆரம்பித்தார். கட்டிங் என்றால் பாட்டில் இரண்டு பேருக்குப் பொது, மூடி யாருக்கு? அதற்கும் அவரே வழி கண்டார். கீழே கிடக்கும் சோடா மூடி ஒன்றைப் பொறுக்கிக்கொள்வார். அது பாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் பையைக் கொட்டினார். குவாட்டர் மூடி மட்டும் பதினொன்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் எட்டு.

செயலி செய்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த மூடியைப் படமாகத் திரையில் போடுங்கள். எழுத்து வேண்டாம், தொட்டால் போதும். கேள்வியைக் குரலில் கேளுங்கள், நம் தமிழில் கேளுங்கள்.

அப்புறம் சார்ஜ். இதை எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் வந்ததில்லை. பிளாட்பாரத்தில் பிளக் பாயின்ட் கிடையாது. டீக்கடையிலோ, தெரிந்த கடையிலோ கெஞ்சித்தான் போட வேண்டும். போன் செத்துக் கிடந்தால் எந்தச் செயலி பேசும்? போதையில் தூங்கும்போது போன் களவு போகும், அவசரத்துக்கு அடகு போகும். புது சிம் வாங்க ஆதார் கேட்பார்கள், அதுவும் மழையில் போயிருக்கும். மாநகராட்சிக் காப்பகங்களில் படுக்கைக்கு ஒரு பிளக், பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டி. செயலிக்கு முன்னால் அதைக் கொடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், முதலில் பிளக்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். குடும்பத்தார் பற்றிப் பேச நினைத்திருந்தேன், முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சில மணி நேரத்தில் கை நடுங்கும், ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு இல்லாத ஆளோடு பேச ஆரம்பிக்கலாம். செயலியை நம்பித் தனியாக நிறுத்த வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. போனில் ஆலோசனைக்கு 14446, கட்டணம் இல்லை. வழியில் யாராவது நடுங்கி, வியர்த்து, வெற்றிடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால், போதை என்று தாண்டிப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வணக்கம்.