தொட்டி ஊறிக் கிடந்தாலும் போனில் சொல்லும்: வீட்டுச் செடிக்கு ஒரு சென்சார் ஏற்பாடு

[காட்சி: மழையில் நனையும் மொட்டை மாடி. தொட்டியில் புதர் நல்லமிளகு. இலைகள் தொங்கிக் கிடக்கின்றன.]

வணக்கம் மக்களே. இந்த நல்லமிளகைப் பாருங்கள். இலை வாடித் தொங்குகிறது. பார்த்ததும் கை தானாக வாளியைத் தேடும். ஆனால் இந்தத் தொட்டியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் நீர் பிடித்துக்கொண்டால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அந்த வேரால் பக்கத்திலேயே இருக்கும் நீரையும் உறிஞ்ச முடியாது. அதனால்தான் காய்ந்த செடியும் ஊறிய செடியும் ஏறக்குறைய ஒரே மாதிரி வாடுகின்றன. இந்த நேரத்தில் இன்னொரு வாளி ஊற்றினால் மிளகின் கதை முடிந்தது. அதன் வாடல் நோய்க்குக் காரணமான பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் ஈர மண்ணில்தான் வேகமாகப் பரவும்.

செடிக்கு சென்சார் வைக்கும் வீடியோக்கள் பலவும் ‘தண்ணீர் ஊற்று’ என்ற ஒரே செய்தியோடு நின்றுவிடுகின்றன. குமரி மாவட்டத்துக்கு அது பாதிதான் உதவும். நமக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் உண்டு. நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடித்தால் தொட்டி மளமளவென்று உலரும். தோவாளைப் பக்கம் மாடியில் பிச்சி வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதனால் நாம் செய்யப்போகும் கருவி ‘ஊற்று’ என்றும் சொல்லும், ‘ஊற்றாதே’ என்றும் சொல்லும்.

[காட்சி: மேசையில் பொருட்கள்.]

வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை), ஒரு கெப்பாசிட்டிவ் மண் ஈரப்பத சென்சார், மூன்று ஒயர், பழைய போன் சார்ஜர். கடையில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவான சென்சாரும் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். அது மண் வழியே மின்சாரம் பாய்ச்சி அளப்பதால் கம்பியின் பூச்சு கொஞ்ச நாளிலேயே அரித்துப் போகும். கெப்பாசிட்டிவ் வகையில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. அது சுற்றியிருக்கும் பொருள் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்க உதவுகிறது என்று அளக்கிறது. அதைச் சொல்லும் எண்தான் மின்காப்பு மாறிலி: நீருக்குச் சுமார் 80, காற்றுக்கு 1, காய்ந்த மண்ணுக்கு ஒற்றை இலக்கம். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால்தான் ஈரம் கொஞ்சம் மாறினாலும் சென்சாருக்குத் தெரிகிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: சென்சாரில் ஒரு கோடு போட்டிருக்கும். அதற்கு மேலே இருக்கும் பகுதி நனையக் கூடாது. மழை படும் மாடி என்றால் அந்தப் பகுதிக்கும், பலகையின் வெட்டு விளிம்புகளுக்கும் இரண்டு கோட் நெயில் பாலிஷ் அடித்துக் காயவிடுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளைத் தின்றுவிடும். அங்கே ஒயரைச் செருகி விடாமல் சால்டரிங் செய்வதுதான் நல்லது.

[காட்சி: ஒயர் இணைப்பு, நெருக்கமாக.]

சென்சாரின் பவர் ஒயர் 3.3 வோல்ட் பின்னுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு, சிக்னல் 34ஆம் பின்னுக்கு. ஏன் 34? இந்தச் சிப்பில் அளவு எடுக்கும் பகுதி இரண்டு இருக்கிறது. அதில் இரண்டாவது, வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. 32 முதல் 39 வரையிலான பின்கள் முதல் பகுதியைச் சேர்ந்தவை. இது தெரியாமல் சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய. வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆகத்தான் இருக்க வேண்டும்.

[காட்சி: கணினித் திரையில் ஓடும் எண்கள்.]

போர்டைக் கணினியில் இணைத்து, சென்சாரைப் படிக்கும் ப்ரோகிராமை ஏற்றினால், திரையில் 0 முதல் 4095 வரை ஏதோ ஒரு எண் வரும். ஈரம் கூடினால் எண் குறையும். இதைச் சதவீதமாக மாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். செம்மண் தொட்டிக்கும் தென்னை நார்க்கழிவு போட்ட தொட்டிக்கும் ஒரே எண் ஒரே பொருளைத் தராது. அந்தந்தத் தொட்டியிலேயே இரண்டு எண்களைப் பிடிக்க வேண்டும். நன்றாக ஊற்றி, வடியவிட்டு, மறுநாள் காலையில் வருவது ஒன்று. அப்புறம் ஊற்றாமல் விட்டு, இலை லேசாகச் சோரத் தொடங்கும்போது வருவது மற்றொன்று. உதாரணத்துக்கு 1400, 2400 என்று வைத்துக்கொள்வோம்.

2200-ஐத் தாண்டினால் ‘காய்கிறது’ என்ற செய்தி போகட்டும். ஆனால் எண் 1900-க்குக் கீழே இறங்கும்வரை அதே செய்தி மறுபடி போகக் கூடாது. இந்த இடைவெளி இல்லையென்றால் எண் 2199, 2201 என்று ஆடும்போதெல்லாம் போன் அலறும், மூன்றாம் நாள் நீங்களே மியூட் செய்துவிடுவீர்கள். அடுத்து, இரண்டு நாளாகியும் எண் 1500-க்கு மேல் ஏறவில்லை என்றால் ‘ஊறிக் கிடக்கிறது’ என்ற செய்தி. அது வந்தால் தொட்டியின் அடித்துளையைக் குத்திப் பாருங்கள், அடியில் ஓட்டுத்துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள், முடிந்தால் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு அளவெடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: போனில் டெலிகிராம்.]

செய்திக்கு டெலிகிராம்தான் என் தேர்வு. பாட்ஃபாதர் என்று தேடி, புது பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) ஒன்றை உருவாக்கினால் ஒரு டோக்கன், அதாவது அதன் ரகசியச் சாவி, கிடைக்கும். அதையும் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று காட்டும் உங்கள் சாட் ஐடி எண்ணையும் ப்ரோகிராமில் போட்டால் போதும், காசு கிடையாது. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த பாட் கணக்குக்கு முதலாளி. அதனால் ஸ்கிரீன்ஷாட்டில் அதை மறைத்துவிடுங்கள்.

இன்னொரு செய்தியும் வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்கு அன்றைய எண்ணை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். கரண்ட் போனாலோ, ரவுட்டர் படுத்தாலோ கருவியால் எதையும் சொல்ல முடியாது. ஏழு மணிச் செய்தி வராததுதான் அப்போது உங்களுக்கான எச்சரிக்கை. நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும்போது உலகப் பொது நேரம்தான் வரும், நம் ஊருக்கு 19800 விநாடி கூட்ட வேண்டும். அதாவது ஐந்தரை மணி நேரம்.

மோட்டார் வைத்துத் தானாகவே ஊற்றலாமே என்று கேட்பீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்க எண்களைப் பார்த்துவிட்டு அதில் இறங்குங்கள். காற்றிலோ, பூனை தட்டியோ சென்சார் மண்ணை விட்டு வெளியே வந்தால் அது ‘காய்ந்தது’ என்றே காட்டும், மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு தடவைக்கு 20 விநாடிதான் ஓட வேண்டும், ஓடிய பிறகும் எண் இறங்கவில்லை என்றால் மோட்டாரைப் பூட்டிவிட்டு உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு, அப்புறம் மோட்டாரை வாங்குங்கள்.