டயரின் உள்ளோரத்தைப் பாருங்கள்

வணக்கம். நான் கோவையில் 30 ஆண்டுகளுக்கு மேலாக வீல் அலைன்மென்ட், அதாவது கார்ச் சக்கரங்கள் நிற்கிற கோணத்தைச் சரிசெய்கிற வேலை பார்த்து வருகிறேன். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அதிகம் செலவில்லாமல், நாள்பட உழைக்கிற டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். நம் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று நினைக்காதீர்கள். நான் சொல்வதில் முக்கால்வாசி உங்கள் வீட்டு மாருதிக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வாசலில் கிடக்கிற உங்கள் செருப்பை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் குதிகாலில் ஒரு பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். புதுச் செருப்பு வாங்கினாலும் அதே பக்கம்தான் தேயும், ஏனென்றால் தேய்ப்பது நடை. டயரும் அப்படித்தான். பழைய டயர் ஏன் தீர்ந்தது என்று பார்க்காமல் புது டயர் வாங்கக் கூடாது. இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி வந்தார். இரண்டு பேர் உட்காரும் ஜெர்மன் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்ஜின் இழுப்பு முழுக்கப் பின்சக்கரத்துக்குப் போகிற வண்டி. "அண்ணா, பின்னாடி ரெண்டு டயரும் 11,000 கிலோமீட்டர்லயே போயிருச்சுங்ணா. கம்மி விலையில நல்லா உழைக்கிற டயரா ஒண்ணு சொல்லுங்ணா" என்றார். அதற்கு முந்தைய ஜோடியும் அப்படியே போனதாம். அந்த ஜோடியை ஒரு கடையில், கெட்டியான ரப்பர் நிறைய ஓடும் என்று சொல்லி மாட்டி விட்டிருக்கிறார்கள். அதுவும் 14,000 தாண்டவில்லை. போதாததற்கு, ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில், மழையில், பின்பக்கம் இரண்டு முறை வழுக்கிவிட்டது. பக்கத்தில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். இதைச் சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

காரை லிஃப்டில் ஏற்றினேன். வெளியிலிருந்து பார்த்தால் டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகள், நன்றாகவே இருந்தது. உள்ளோரத்தில் கையை விட்டுத் தடவினால் கம்பி குத்தியது! டயரில் முக்கால் பங்கு ரப்பர் அப்படியே இருக்க, உள்பக்கம் இரண்டு விரல் அகலம் மட்டும் மொட்டையாகி இழை தெரிந்தது. நின்றுகொண்டு பார்க்கிறவர் கண்ணுக்கு இது தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் கையால் தடவ வேண்டும்.

காரணம் என்ன? இந்த மாதிரி கார்களில் வளைவில் பிடிமானம் கிடைக்க, சக்கரத்தின் மேல்பகுதியைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்தே வைத்திருப்பார்கள். கேம்பர் என்போம். அதனால் உள்ளோரம் சற்று அதிகம் தேய்வது இயல்பு. ஆனால் 11,000 கிலோமீட்டரில் டயரைத் தின்றது அது இல்லை, டோ. நடக்கும்போது பாதம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது போலத்தான் டோ. சக்கரம் ஒரே ஒரு டிகிரி திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. பத்தில் ஒரு டிகிரி என்றால் கூட 10,000 கிலோமீட்டருக்கு 17 கிலோமீட்டர் கணக்காகிறது. உருளுவதற்காகச் செய்த டயரைத் தார் ரோட்டில் 17 கிலோமீட்டர் உரசினால் என்ன மிஞ்சும்?

அந்தத் தம்பியின் காரில் பின்பக்க சஸ்பென்ஷனில் இரண்டு ரப்பர் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் மூட்டில் இருக்கிற ரப்பர், நைந்து போயிருந்தது. அதனால்தான் டோ மாறிவிட்டது. இதற்கு முன் அலைன்மென்ட் பார்த்தவர்கள் முன்சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கார்களில் பின்சக்கரத்துக்கும் அலைன்மென்ட் உண்டு. நான்கு சக்கரமும் பார்த்துத் தாருங்கள் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். புஷ்ஷை மாற்றி, நான்கையும் சரிசெய்த பிறகுதான் டயர் பேச்சையே எடுத்தோம். மறுபடி சொல்கிறேன், பழைய டயர் ஏன் தீர்ந்தது என்று தெரிந்துகொண்டு புதிது வாங்குங்கள்.

சரி, எந்த டயர்? டயரின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும், 200, 300, 500 என்று. எண் கூடினால் தேய்மானம் குறைவு என்று அர்த்தம். இது அமெரிக்க அரசு கொண்டுவந்த முறை. டெக்சாஸ் மாநிலத்துச் சாலைகளில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, 100 என்று வைத்த ஓர் ஒப்பீட்டு டயரோடு கணக்குப் போடுவார்கள். 400 என்றால் 40,000 கிலோமீட்டர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த எண்ணைப் போடுவது டயர் கம்பெனியேதான். ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது நன்றாக உதவும். கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிட்டால் ஏமாந்து போவோம்.

எண் கூடக்கூட ரப்பர் பெரும்பாலும் கெட்டியாகும், ஈரத்தில் பிடிப்பு குறையும். வேகமான காருக்கு 500, 600 தேடிப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். 200-ம் வேண்டாம், அது பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கு. 300-லிருந்து 400-க்குள், ஈரத்தில் பிடிப்பைக் காட்டும் டிராக்‌ஷன் குறி ஏ அல்லது இரட்டை ஏ என்று இருப்பதைப் பாருங்கள். அந்தத் தம்பிக்கு 340 எண் போட்ட டயர் மாட்டினோம். விலை நடுத்தரம். 30,000 கிலோமீட்டர் கடந்து வந்தபோதும் உள்ளோரமும் வெளியோரமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் அவருக்கே இருந்திருக்காது.

செலவைக் குறைக்க இன்னொரு வழி, ரிம்மை ஓர் அங்குலம் குறைப்பது. டயரில் 225/40 ஆர் 18 என்றிருந்தால், அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம் என்று அர்த்தம். அந்த டயர் போட்ட காருக்கு 225/45 ஆர் 17 போட்டால் மொத்த உயரம் 3 மில்லிமீட்டர்தான் குறையும். 17 அங்குல டயர் பொதுவாக விலை குறைவு. பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் நம் ஊர்க் குழிகளையும் தாங்கும். ஆனால் சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் காலிப்பர், அதாவது பிரேக் பிடிக்கிற பாகம், ரிம்மில் இடிக்காமல் இருக்கிறதா என்று மாட்டிப் பார்த்துத்தான் ரிம் வாங்க வேண்டும். காரின் புத்தகத்தில் போட்டிருக்கிற எடைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் கீழே இறங்கக் கூடாது.

டயரை முன்பின் இடம் மாற்றுவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கும் ஒரே அளவு என்றால் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள். பின்டயர் அகலமாக இருக்கிற கார்களில் அது முடியாது. இரண்டு டயர் மட்டும் வாங்கப் பணம் இருந்தால், அளவு ஒன்றாக இருக்கும் காரில் புதியது இரண்டும் பின்னால்தான் போக வேண்டும். முன்னிழுப்பு காராக இருந்தாலும் சரி. மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

அப்புறம், பில் போடுவதற்கு முன்னால் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டு 35-ஆவது வாரம் செய்த டயர். நான்கைந்து வருடம் கடையில் கிடந்த டயர் தள்ளுபடியில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நேரமாகிவிட்டது, வணக்கம்.