ஒரு முழக் கேபிளுக்கு ஒன்பது நாள்! 5கே மானிட்டரை என் பிசியில் மாட்டிய கதை

வணக்கம் மக்களே. பின்னால் கேபினெட் ஒரு ஸ்டூல் மேல் உட்கார்ந்திருப்பது தெரிகிறதா? அதைப் பற்றி இப்போதே கமெண்ட் போட ஆரம்பிக்காதீர்கள். அதற்கும் வருவேன். முதலில் இதைப் பாருங்கள். இந்த ஒயர். ஒரு முழம் இருக்குமா? பூக்காரம்மா அளந்தால் முக்கால் முழம்தான் வரும். விலை 850 ரூபாய். இதற்காக நான் ஒன்பது நாள் அலைந்திருக்கிறேன்.

போன மாத வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். என் பழைய 24 இன்ச் மானிட்டரைத் திட்டியே பதினெட்டு நிமிடம் ஓட்டினேன். சப்டைட்டில் எழுத்துகள் எல்லாம் கோலப்புள்ளி மாதிரி உடைந்து தெரிகிறது, கண் வலிக்கிறது என்று புலம்பினேன். அதைப் பார்த்துவிட்டு எடிட்டிங் செய்யும் ஒரு நண்பர் கூப்பிட்டார். அவரிடம் ஆப்பிள் ஸ்டுடியோ டிஸ்ப்ளே இருக்கிறது, ஊர் மாறப் போகிறார், விற்கிறார், எனக்கு வேண்டுமா என்று கேட்டார். 2022-இல் வந்தது, 27 இன்ச், 5கே, அதாவது 5120 × 2880 புள்ளி. இந்தியாவில் அறிமுக விலை 1,59,900. எனக்கு 92,000-க்குக் கொடுத்தார். ஆமாம், 92 ஆயிரம். அம்மாவிடம் 29 என்று சொல்லியிருக்கிறேன். இலக்கங்கள் அதேதான், வரிசை மட்டும் கொஞ்சம் மாறிவிட்டது. அம்மா இந்தச் சேனல் பார்ப்பதில்லை.

என்னிடம் மேக் கிடையாது. நான் உதிரி உதிரியாக வாங்கி அசெம்பிள் செய்த விண்டோஸ் பிசிதான் வைத்திருக்கிறேன். 12-வது தலைமுறை ஐ7 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3070 கிராஃபிக்ஸ் கார்டு, 750 வாட் எஸ்எம்பிஎஸ். இந்த மானிட்டரில் எச்டிஎம்ஐ இல்லை, டிஸ்ப்ளேபோர்ட்டும் இல்லை. பின்பக்கம் நான்கு டைப்-சி ஓட்டை இருக்கிறது, அதில் ஒன்றுதான் தண்டர்போல்ட் (பார்க்க டைப்-சி மாதிரியே இருக்கும் வேகமான இணைப்பு), படம் அது வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பவர் பட்டன் கிடையாது. பிரைட்னஸ் பட்டன் கிடையாது. ஆன் ஆகியிருக்கிறது என்று காட்ட ஒரு சின்ன விளக்குகூடக் கிடையாது. நிறுத்த வேண்டும் என்றால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எனக்கு இந்த மாதிரிப் பொருட்கள் பிடிக்கவே பிடிக்காது. ஒரு மிக்ஸிக்கே மூன்று ஸ்பீடு பட்டன் இருக்கிறது!

சரி, முதல் நாள். என் கிராஃபிக்ஸ் கார்டில் மூன்று டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ. மானிட்டரில் டைப்-சி. அப்படியென்றால் ஒரு பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், ஒரு பக்கம் டைப்-சி உள்ள ஒயர் போதும், இல்லையா? ஆன்லைனில் போட்டேன், மறுநாள் வந்தது. இரண்டு முனையும் டக்கென்று பொருந்தின. திரை கறுப்பு. நோ சிக்னல் என்றுகூடச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் மானிட்டரின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். என் தம்பி அதை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டான்.

அந்த ஒயர் ஒருவழிப் பாதை. டைப்-சி பக்கம் லேப்டாப், டிஸ்ப்ளேபோர்ட் பக்கம் மானிட்டர், அப்படி ஓடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியது தலைகீழ். அதற்கு இருவழி ஒயர் என்று தனியாக விற்கிறார்கள். இரண்டும் பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். நான் வாங்கியதன் விளம்பரத்தில் இது ஒருவழி என்று எங்கேயும் இல்லை. ஐந்தாவது படத்தின் ஓரத்தில் எறும்பு அளவில் ஓர் அம்புக்குறி இருந்தது. அதுதான் எச்சரிக்கையாம். அந்தக் கடைக்கு ஒரு ஸ்டார் போட்டேன். பேர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

இருவழி ஒயரே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம், படம் வரும். ஆனால் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் போகிற ஒயரில் யுஎஸ்பி தகவல் போகாது. இந்த மானிட்டருக்குள் இருக்கிற கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாமே யுஎஸ்பி வழியாகத்தான் பேசும். அதைக்கூட விட்டுவிடலாம். பிரைட்னஸைக் கூட்டிக் குறைப்பதும் யுஎஸ்பி வழியாகத்தான். அது இல்லையென்றால் கடைசியாக எந்த வெளிச்சத்தில் விட்டார்களோ அதிலேயே நிற்கும். நண்பர் ஜன்னலோரம் வைத்திருந்தவர், முழு வெளிச்சத்தில் விட்டிருந்தார். 600 நிட்ஸ். ராத்திரி பதினொரு மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்து எடிட் செய்தால் மாரியம்மன் கோயில் சீரியல் செட் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஆக, படமும் யுஎஸ்பியும் சேர்ந்தே போக வேண்டும், அதற்குத்தான் பிசிக்குள் மாட்டும் தண்டர்போல்ட் கார்டு. பலர் தண்டர்போல்ட் என்றாலே டைப்-சிதானே என்கிறீர்கள். 2011-இல் இன்டெலும் ஆப்பிளும் கொண்டுவந்தபோது அதன் வாய் மினி டிஸ்ப்ளேபோர்ட் வடிவம். 2015-இல் தண்டர்போல்ட் 3 வந்தபோதுதான் டைப்-சி வடிவத்துக்கு மாறியது. குழப்பம் பிறந்ததும் அன்றைக்குத்தான். ஓட்டை ஒன்று, உள்ளே ஓடுவது வேறு. மல்லி, கனகாம்பரம், மருக்கொழுந்து எல்லாவற்றையும் ஒரே நாரில் வைத்துக் கட்டுகிற கதம்பம் மாதிரி, தண்டர்போல்டில் படம், யுஎஸ்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் (மதர்போர்டும் கார்டுகளும் பேசிக்கொள்ளும் பாதை) எல்லாம் ஒரே ஒயரில் போகும்.

லேப்டாப்பில் அந்தக் கதம்பத்தை கம்பெனியே கட்டிக் கொடுத்துவிடுகிறது. அசெம்பிள் செய்த பிசியில் நாம்தான் கட்ட வேண்டும். கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் உட்காரும், டேட்டா அங்கிருந்து வரும். ஆனால் படம் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதே? அதற்காக கேபினெட்டின் பின்னால், வெளியே, கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி இரண்டு ஸ்லாட் தள்ளி தண்டர்போல்ட் கார்டுக்குள் திரும்பப் போக வேண்டும். வாசல் வழியாக வெளியே வந்து கொல்லை வழியாக அதே வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. அந்த ஒயர்தான் இது. கையில் வைத்திருக்கிறேனே, இந்த முக்கால் முழம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், இது முக்கியம். கார்டு வாங்கி எந்த மதர்போர்டிலும் சொருகிவிட முடியாது. போர்டில் தண்டர்போல்டுக்கென்று சின்னதாக ஒரு ஹெட்டர், அதாவது ஒயர் மாட்டும் பின் வரிசை, இருக்க வேண்டும். என் போர்டில் அடியோரத்தில் ஐந்து பின், டார்ச் அடித்துத்தான் கண்டுபிடித்தேன். போர்டு வாங்கும்போது இதையெல்லாம் பார்த்தா வாங்கினேன்? கறுப்பாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று வாங்கினேன். வாங்கும் முன் போர்டு கம்பெனியின் பட்டியலில் எந்தக் கார்டு பொருந்தும் என்று பாருங்கள். பழைய கார்டுகளில் டைட்டன் ரிட்ஜ் சிப் இருக்கும், அது தண்டர்போல்ட் 3. புதியதில் மேப்பிள் ரிட்ஜ், தண்டர்போல்ட் 4. இரண்டுமே நொடிக்கு 40 ஜிகாபிட். நான் வாங்கியது மேப்பிள் ரிட்ஜ், யாரோ பெட்டியைப் பிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது, 9,800.

மாட்டுவது அரைமணி நேர வேலை. ஹெட்டர் ஒயர், யுஎஸ்பி 2.0 ஹெட்டருக்கு இன்னொரு ஒயர், பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரை) போய் தண்டர்போல்டை ஆன் செய்ய வேண்டும், என் போர்டில் அது ஆஃபில் இருந்தது. பழைய மானிட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் பிசியில் பயாஸ் திரை புது மானிட்டரில் வருவதே இல்லை, விண்டோஸ் வந்த பிறகுதான் வெளிச்சம் வருகிறது. அதனால் நான் திட்டிய அந்த 24 இன்ச்சேதான் இப்போதும் எச்டிஎம்ஐயில் ஓரமாக நிற்கிறது. முறைக்கிறது.

சரி, ஐந்தாம் நாள். கார்டு பெட்டியில் இருக்க வேண்டிய அந்த முழ ஒயரைக் காணோம். முன்னால் வாங்கித் திருப்பிய புண்ணியவான் எடுத்துவிட்டார். கார்டின் படம் வாங்கும் ஓட்டை மினி டிஸ்ப்ளேபோர்ட். என் டப்பாவில், உங்களுக்குத் தெரியுமே, அந்த டேனிஷ் பிஸ்கட் டப்பா, அதில் காலேஜ் காலத்து ஒயர் ஒன்று இருந்தது. மாட்டினேன். படம் வந்தது! கத்திவிட்டேன். தம்பி ஓடி வந்தான். கேமரா வேலை செய்கிறது, ஸ்பீக்கர் பாடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டின் செட்டிங், அந்த என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் அதிகபட்சம் 3840 × 2160. 5கே அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இரண்டு நாள் டிரைவரை அழித்து அழித்துப் போட்டேன். கார்டு போலியோ என்று சந்தேகம். நண்பர் மேல்கூட சந்தேகம், மன்னித்துக்கொள்ளுங்கள். கடைசியில் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். 5120 × 2880 என்றால் 1 கோடியே 47 லட்சம் புள்ளி. 4கே 83 லட்சம்தான். அந்த 1.47 கோடியை நொடிக்கு 60 தடவை, புள்ளிக்கு 24 பிட் அனுப்பினால் 21 ஜிகாபிட்டுக்கு மேல் வருகிறது. பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் உண்மையாகப் போவது 17.28. போதாது. அதற்கடுத்த வேகம், எச்பிஆர்3 என்பார்கள், 25.92. அதில் தாராளமாகப் போகும். என் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அந்த வேகம் தெரியும். தண்டர்போல்ட் கார்டுக்கும் தெரியும். நடுவில் பிஸ்கட் டப்பா ஒயர். இரண்டு பக்கமும் வேகமாகப் பேசிப் பார்க்கும், ஒயர் தாங்காவிட்டால் சத்தமில்லாமல் மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும். பிழை என்று ஒரு வரி வராது. அதுதான் எரிச்சல். இத்தனை பெட்டி, இத்தனை சிப், ஒருத்தராவது ஒயர் சரியில்லை என்று வாயைத் திறக்கக் கூடாதா?

அப்புறம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தை, ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு நானும் தம்பியும் நடந்தோம். ஏழு கடை. ஒவ்வொரு கடையிலும் நான் கேட்கிறேன், கடைக்காரர் தம்பியைப் பார்த்துப் பதில் சொல்கிறார். இது எனக்குப் புதிதில்லை, பழைய வீடியோக்களில் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது கடையில் தம்பி, "அண்ணா, எனக்கு சார்ஜர் ஒயர்கூடத் தெரியாது, அக்காகிட்ட பேசுங்க" என்றான். அவனுக்கு அன்றைக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

எல்லோரிடமும் மினி டிஸ்ப்ளேபோர்ட் டு எச்டிஎம்ஐ இருக்கிறது, ஒருபக்கம் பெரிய டிஸ்ப்ளேபோர்ட் உள்ளது இல்லை. ஏழாவது கடை மாடியில். பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "யாரும்மா இப்ப இதைக் கேக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். அதில் ஒன்று, உறையில் டிபி8கே என்று அச்சிட்டது. எச்பிஆர்3 வேகத்துக்குச் சோதித்த ஒயருக்குத்தான் அந்தப் பேர். 1,200 என்றார். நான் 700 என்றேன். யாரும் கேட்பதில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அப்படியென்றால் என்னை விட்டால் இதை வாங்க ஆள் ஏது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். 850. வீட்டுக்கு வந்த பிறகு 800-க்குக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. இன்னும் தோன்றுகிறது.

மாட்டினேன். 5120 × 2880. அவ்வளவுதான், ஒரு கிளிக். விண்டோஸ் ஸ்கேலிங் 200 சதவீதம் வைத்துவிட்டு சப்டைட்டில் ஃபைலைத் திறந்தேன். கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன், பாருங்கள். இந்த 'ழ'வின் கால், கீழே சுழித்து நிற்கும் இடம். பழைய திரையில் இது ஒரு கறுப்புத் திட்டு. இங்கே சுழிக்குள்ளே வெள்ளை இடம் தெரிகிறது. 'ஞ'வின் உள்வளைவைப் பாருங்கள். அப்புறம் 'ஸ்ரீ'. இதை எழுத்து எழுத்தாகப் பெரிதாக்கிப் பார்த்தே ஒரு மணி நேரம் போனது. போன வருட வீடியோக்களில் நான் விட்ட ஒற்றுப்பிழைகளும் பளிச்சென்று தெரிகின்றன, அது வேறு விஷயம்.

பிரைட்னஸுக்கு ஓர் இலவசக் குட்டி மென்பொருள் போட்டேன், யுஎஸ்பி வழியாகக் கட்டளை அனுப்புகிறது. இந்த மானிட்டர் லேப்டாப்புக்கு 96 வாட் சார்ஜும் கொடுக்குமாம். எனக்கு எதற்கு? மானிட்டரின் ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு மட்டும் மேக் வேண்டும், யாரிடமாவது கெஞ்சிக்கொள்வேன்.

இன்னொன்று, இது கமெண்டில் வரும். போர்டிலேயே தண்டர்போல்ட் உள்ளவர்கள், டைப்-சியில் மாட்டியதும் படம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். அது பிராசசருக்குள் இருக்கும் குட்டி கிராஃபிக்ஸிலிருந்து வந்திருக்கும். பின்னால் டிபி இன் (டிஸ்ப்ளேபோர்ட் படத்தை உள்ளே வாங்கும் வாய்) என்று ஓர் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், அதற்கு கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ஒயர் போட்டால்தான் கார்டின் படம் வரும். பிராசசர் பேரின் கடைசியில் எஃப் இருந்தால் அந்தக் குட்டி கிராஃபிக்ஸும் இல்லை, ஒயர் போடாமல் ஒன்றும் தெரியாது.

ஸ்டூல்! மானிட்டரோடு வரும் தண்டர்போல்ட் ஒயர் ஒரு மீட்டர். கேபினெட் கீழே இருந்தால் எட்டவில்லை. நீளமான ஒயர் விலை பார்த்தேன், ஐந்து இலக்கம். 850-க்கே ஏழு கடை ஏறியவள் நான். அதனால் சமையலறையில் ஊறுகாய் ஜாடி வைத்திருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜாடி இப்போது தரையில். அம்மாவுக்கு இன்னும்... இருங்கள், கூப்பிடுகிறார்கள். வர்றேன்மா! ஸ்டூலா? எந்த ஸ்டூல்?