'ரன்': ஒரு சின்னச் சொல்லுக்கு எப்படி 645 அர்த்தம்?

[திரையில் ஒரே ஒரு சொல்: ரன்]

வணக்கம். ஆங்கிலம் படிக்க ஆரம்பித்த சில நாட்களிலேயே நமக்கு அறிமுகமாகிவிடும் சொல் இது. ரன் என்றால் ஓடு. அவ்வளவுதான் என்று அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். அப்புறம் ஒரு நாள் 'ஹெர் நோஸ் இஸ் ரன்னிங்' என்று ஒரு வாக்கியம் வருகிறது. அடுத்த பக்கத்தில் 'ஹி ரன்ஸ் எ கம்பெனி'. மூக்கும் ஓடுகிறது, கம்பெனியையும் ஓடுகிறார்களா? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் வந்தபோது, அதில் மிக நீளமாக விளக்கப்பட்ட சொல் 'செட்'. அதற்கு ஏறக்குறைய 430 அர்த்தங்கள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதியபோது 'ரன்' அதைத் தாண்டிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தங்கள் என்று 2011-ல் கணக்குச் சொன்னார்கள். இந்த ஒரு சொல்லை ஒழுங்குபடுத்த, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்குச் சுமார் ஒன்பது மாதம் பிடித்தது.

எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதையெல்லாம் மனப்பாடம் செய்வதில்லை. தமிழ் பேசும் நமக்கோ இதில் ஒரு வசதி கையிலேயே இருக்கிறது.

[திரையில்: ஆறு, இயந்திரம், பஸ், படம், எண்ணம்]

ஆறு ஓடுகிறது. இயந்திரம் ஓடுகிறது. பஸ் ஓடுகிறது. படம் மூன்று வாரம் ஓடியது. மனதில் ஓர் எண்ணம் ஓடியது. இந்த ஐந்துக்கும் ஆங்கிலத்தில் தயங்காமல் 'ரன்' போடலாம். காலால் ஓடுவது இந்தச் சொல்லின் ஒரு பகுதிதான். நிற்காமல் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பது என்பதுதான் அடியில் இருக்கும் பொருள். மூக்கு ஒழுகுவதும், துவைக்கும்போது துணியின் சாயம் இறங்குவதும், ஒரு சாலை ஆற்றை ஒட்டியே நீண்டு செல்வதும், ஒரு நோய் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வருவதும் இதில்தான் அடங்கும்.

சரி, கம்பெனிக்கு வருவோம். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. தானாக நடந்தால் ஓடு, நாம் நடத்தினால் ஓட்டு. பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்று 'ரின்னன்', ஓடுவதும் வழிந்து பாய்வதும் அதன் பொருள். இன்னொன்று 'ஆர்னன்', குதிரையேறிச் செல்வது போன்றவற்றுக்கு வந்தது. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. ஆங்கிலத்தின் உறவுக்கார மொழியான ஜெர்மன் இன்றும் இரண்டு சொற்களை வைத்திருக்கிறது: நீர் வழிந்தால் 'ரின்னன்', மனிதர் ஓடினால் 'ரென்னன்'. ஆங்கிலமோ ஓடு, ஓட்டு, ஒழுகு மூன்றையும் ஒரே சொல்லின் தலையில் வைத்துவிட்டது. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆகவே 'ரன்' வந்தால், பின்னால் ஏதாவது பெயர்ச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி, பள்ளிக்கூடம், புரோகிராம், சோதனை என்று வந்தால் நடத்துவது அல்லது இயக்குவது. இயந்திரங்கள் பெருகப் பெருக இந்தப் பயன்பாடும் பெருகியது. ஆலை, ரயில், மோட்டார், கடைசியில் கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது.

இரண்டு இடங்களில் மட்டும் நம் தமிழ் நம்மை வழுக்கிவிடும். 'படம் நன்றாக ஓடியது' என்றால் நமக்கு அது வெற்றிப் படம். ஆங்கிலத்தில் 'ரன் வெல்' என்று சொன்னால் அந்த அர்த்தம் வராது. அதேபோல, கார் ஓட்டுவதை 'ரன் எ கார்' என்று எழுதிவிடாதீர்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதற்குச் சொந்தமாகக் கார் வைத்து, அதன் செலவைச் சமாளிப்பது என்று அர்த்தம். ஓட்டுவதற்கு 'டிரைவ்' தான்.

[திரையில்: ரன் லோ, ரன் ட்ரை]

இன்னொரு வகை, பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்லித்தராதது. கிணறு வற்றினால் 'ரன் ட்ரை'. கையிருப்பு குறைந்தால் 'ரன் லோ'. இங்கே ரன் என்பதற்கு 'ஆகிவிடுவது' என்று பொருள்.

பின்னால் ஒரு குட்டிச் சொல் சேர்ந்தால் ஆட்டமே மாறும். 'ரன் இன்டு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் என்று வந்தால் எதிர்பாராமல் சந்திப்பது, சுவர் என்று வந்தால் மோதுவது, சிக்கல் என்று வந்தால் மாட்டிக்கொள்வது, மில்லியன்கள் என்று வந்தால் செலவு அந்த அளவை எட்டுவது. 'ரன் ஓவர்' இன்னும் கவனம் கேட்கும். கார் ஒருவர்மீது ஏறினாலும் அதுதான், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டினாலும் அதுதான், குறிப்புகளை வேகமாக ஒருமுறை பார்த்தாலும் அதுதான். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது; கிரிக்கெட்டின் ரன் அவுட்டோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேர்தலிலும் ஒரு வேடிக்கை உண்டு. வேட்பாளர் அமெரிக்காவில் ரன் செய்வார், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்வார். நாம் 'தேர்தலில் நிற்கிறார்' என்கிறோம், பிரிட்டன் பக்கம்.

பெயர்ச்சொல்லாக வரும்போது கிரிக்கெட் ரன் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று 'பேங்க் ரன்'. வங்கி திவாலாகிவிடும் என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் பாய்வது. வங்கி அந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்தோ முதலீடு செய்தோ இருப்பதால், உடனே திருப்பித் தர முடியாமல் விழுந்துவிடும். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாளே வங்கி மூடப்பட்டது. பெரும்பாலோர் அந்தப் பணத்தைக் கேட்டது இணையம் வழியாக. வங்கி வாசலுக்கு யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை, ஆனால் சொல் அதேதான்.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்காக ஒன்று. 'ரன் இட் பை மீ' என்று மேலதிகாரி சொன்னால், முடிவெடுக்கும் முன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கருத்துக் கேட்கச் சொல்கிறார். 'ரன் த்ரூ' என்றால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒருமுறை சொல்லிக்காட்ட வேண்டும். முதலாவதற்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும், இரண்டாவதற்கு உட்கார்ந்து விளக்க நேரம் ஒதுக்க வேண்டும்.