டெரியர் வளர்ப்பவர்கள் எதைப் படிக்க வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

"ஏனுங்க டாக்டர், டெரியர் வளர்க்கறதுக்கு நல்ல புஸ்தகம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க" என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். டெரியர் என்றால் எலி, நரி பிடிக்கவென்று வளர்த்த நாய் வகை. முன்பெல்லாம் என்னிடம் வருவது கறவை மாடும் வெள்ளாடும்தான். நாய் என்றால் தோட்டத்துச் சாளையில் காவலுக்குக் கிடக்கும் நாட்டு நாய், மிஞ்சிப்போனால் ஒரு ராஜபாளையம். இன்றைக்கு கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்து அடுக்குமாடியில் யார்க்‌ஷயர் டெரியர் இருக்கிறது, ஆனைமலைத் தென்னந்தோப்பில் ஜாக் ரஸ்ஸல் ஓடுகிறது. சிலர் சோடியாக வாங்கிக் குட்டி எடுத்து விற்கவும் தொடங்கிவிட்டார்கள்.

புத்தகம் கேட்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு முன்னால் வீட்டு மேசை டிராயரைத் திறந்து பாருங்கள். நாயோடு வந்த பரம்பரைச் சான்று, தடுப்பூசி அட்டை, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்த துண்டுச் சீட்டு எல்லாம் அங்கேதான் கிடக்கும். நாயின் உயிரைக் காப்பாற்றும் சங்கதி பாதி அதிலேயே இருக்கிறது. நான் பார்த்த வரைக்கும் படிக்காமல் கிடப்பதும் அதுதான்.

பரம்பரைச் சான்றிலிருந்து ஆரம்பிக்கலாம். கென்னல் கிளப் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கம்) பேப்பர் இருக்கிறது என்று சொல்லித்தான் விலையைக் கூட்டிக் கேட்பார்கள். நாமும் கொடுப்போம். கொடுத்த பிறகு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டோம். மூன்று தலைமுறை எழுதியிருந்தால் தாய், தகப்பன், தாத்தா, பாட்டி, அவர்களுக்கும் மேலே என்று 14 பெயர்கள் வரும். அதில் ஒரே பெயர் தகப்பன் பக்கமும் தாய் பக்கமும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் கூட்டம், அதாவது குலம், பார்க்காமல் பொண்ணு எடுப்பதுண்டா? ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, பேச்சே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், "வெளியில அலைய வேண்டாம், வீட்டுலயே ஆண் இருக்குது" என்று அண்ணன் நாயையும் தங்கை நாயையும் சேர்த்துவிட்டு, குட்டி ஏன் நிற்கவில்லை என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். உடன்பிறந்த சோடிக்குப் பிறக்கும் குட்டியில் உட்கலப்பு, அதாவது சொந்த ரத்தத்துக்குள்ளேயே கலப்பது, 25 சதவீதம். தாய் ஒன்று, தகப்பன் வேறு என்றாலும் 12.5 சதவீதம். கணக்கு அவ்வளவுதான், அந்தத் தாளும் ஒரு பென்சிலும் போதும்.

அதே தாளில், நாயின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் எண் 15 இலக்கத்தில் இருக்கும். நாயின் தோளுக்கு மேலே ரீடரை வைத்தால் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தாள் வேறு ஏதோ நாயுடையது.

"டீகப் யார்க்கி" என்று ஒன்றை விற்கிறார்கள். அப்படி ஒரு ரகத்தை எந்தக் கென்னல் கிளப்பும் ஏற்றுக்கொண்டதில்லை. யார்க்‌ஷயர் டெரியரின் தர விவரத்தில் எடை 3.2 கிலோ வரை என்று இருக்கிறது; அதற்குள் அடங்கும் நாயே போதுமான அளவு சிறிசுதான். அதையும் குறுக்கிக் கையளவாக்கினால் சர்க்கரை இறங்குவது, எலும்பு முறிவது, குட்டி போட முடியாமல் தவிப்பது என்று வரிசையாக வரும். விலை மட்டும் இரண்டு மடங்கு!

இனத்தின் வரலாற்றையும் கொஞ்சம் படிக்கச் சொல்வேன். பெருமைக்காக இல்லை, நாயின் புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரிவதற்காக. யார்க்‌ஷயர் டெரியரின் கதை கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வேலை தேடி வடக்கு இங்கிலாந்தின் மில் ஊர்களுக்கு வந்த நெசவாளிகள் கூடவே கூட்டி வந்த நாய்களின் வழி அது. மில்லில் எலி பிடிக்கத்தான் வளர்த்தார்கள். 1865இல் பிறந்து 1871இல் செத்துப்போன ஹட்டர்ஸ்ஃபீல்ட் பென் என்ற ஒரே நாயைத்தான் இந்த இனத்துக்கே தகப்பன் என்கிறார்கள். ஆறு வருசம்தான் ஆயுசு! ஜாக் ரஸ்ஸலுக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு பாதிரியார். ஜான் ரஸ்ஸல் 1819இல், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார் என்பது கதை. நரி வளைக்குள் புகுந்து நரியை வெளியே விரட்டுவதுதான் அந்த வம்சத்தின் வேலை.

ஆகவே உச்சியில் ரிப்பன் கட்டி மடியில் வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது எலி பிடிக்கிற நாய்தான். தென்னை மரத்துப் பாத்தியைத் தோண்டும், சொட்டுநீர்க் குழாயைக் கடித்துத் துப்பும், தேங்காய்க் களத்தில் மட்டைக் குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டு வாலை மட்டும் வெளியே ஆட்டிக்கொண்டிருக்கும். திட்டிப் பயனில்லை. ஆனால் அந்த மட்டைக்குள் இருக்கும் மூன்று ஆபத்துகள் இங்கிலாந்துப் புத்தகத்தில் நமக்கு வேண்டிய அளவுக்கு இருக்காது, அதனால் நான் சொல்கிறேன்.

முதலாவது எலிக் காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் மூத்திரத்தில் வரும் கிருமி. நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும், நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். தடுப்பூசி அட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மருந்தின் பெயர்க் கடைசியில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா, இந்த வருசத் தேதி இருக்கிறதா? இந்த ஊசியை வருசா வருசம் போட வேண்டும். வெறிநாய் ஊசி போட்டாச்சு, அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

இரண்டாவது எலி மருந்து. நாய் நேராகத் தின்றாலும் ஆபத்து, மருந்து தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்து. இங்கே டப்பாவின் மேல் எழுதியிருப்பதுதான் உயிர். புரோமாடியோலோன் என்று இருந்தால் தின்ற அன்றைக்கு நாய் நன்றாகவே ஓடியாடும். மூன்று நாலு நாள் கழித்துத்தான் ரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசியத் தொடங்கும். அதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு, உடனே வந்தால் பிழைக்க வைக்கலாம். ஜிங்க் பாஸ்பைடு என்றால் மாற்று மருந்தே கிடையாது, மணிக்கணக்கில் காரியம் முடிந்துவிடும். ஆகவே நாயைத் தூக்கிக்கொண்டு வரும்போது அந்த டப்பாவையும் கையில் கொண்டு வாருங்கள். "ஏதோ பச்சைக் கலர் கட்டிங்க" என்று சொன்னால் நான் எதை வைத்து வைத்தியம் பார்ப்பேன்?

மூன்றாவது பாம்பு. மற்ற நாய்கள் தூர நின்று குரைக்கும். டெரியர் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு போகும், அதனால் கடி பெரும்பாலும் முகத்தில். ஒரு பக்கம் முகம் வீங்கி வந்தால் குளவி கொட்டியிருக்கும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சிறிய நாய் என்பதால் விஷமுறிவு மருந்து கொஞ்சம் போதும் என்றும் எண்ணாதீர்கள். பாம்பு இறக்கிய விஷத்தின் அளவுக்குத்தான் மருந்து, நாயின் எடைக்கு இல்லை. இருட்டிய பிறகு மட்டைக் குவியல் பக்கம் அவிழ்த்து விடாமல் இருப்பதே பெரிய வைத்தியம்.

துண்டுச் சீட்டுக்கு வருகிறேன். உண்ணிக்காக மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்கும் "ஒரு சொட்டு" போடுகிற வழக்கம் நம் தோட்டங்களில் இருக்கிறது. பாட்டிலில் 1 சதவீதம் என்று இருக்கும். அப்படியென்றால் 1 மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து, அது 50 கிலோ கன்றுக்குட்டிக்கான அளவு. மூன்று கிலோ யார்க்கிக்கு மாட்டுக் கணக்கே போட்டாலும் 0.06 மில்லிதான் வரும். சாதாரண சிரிஞ்சில் அதை அளக்கவே முடியாது. கை கொஞ்சம் அழுந்தினால் நாய் கண் தெரியாமல் தள்ளாடி விழும். உண்ணிக்கு எடைவாரியாக நாய்க்கென்றே மருந்து வருகிறது. அட்டையில் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை என்று அச்சடித்திருக்கும். பெரிய நாயின் மாத்திரையை நாலாக உடைத்துக் கொடுக்கும் சிக்கனம் வேண்டாம். தலைவலி மாத்திரை, மூட்டுவலி மாத்திரை எதையும் உங்கள் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கவே கூடாது.

இனி குட்டி எடுப்பவர்களுக்கு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சேர்க்கைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முழங்கால் சில்லு நழுவுவது. நாய் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கி மூன்று காலில் நாலு எட்டு தத்தும், அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். வீட்டில் அதை விளையாட்டு என்று வீடியோ எடுப்பார்கள். அது பரம்பரைக் கோளாறு. அந்த நாயிடம் குட்டி எடுக்க வேண்டாம். இன்னொன்று கண். டெரியர் இனங்கள் பலவற்றில் நடுவயதில் கண் லென்ஸ் தானாகவே இடம் நழுவும். கண் சிவந்து, வெளுத்து, நாய் வலியில் சுருண்டு படுக்கும். இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தாயிற்று. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் துடைத்து அனுப்பினால் அறிக்கை வரும். அறிக்கையில் 'கேரியர்' (கோளாறு மரபணு ஒரு பங்கு மட்டும் உள்ள நாய்) என்று இருந்தால் பதற வேண்டாம், அந்த நாய்க்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இரண்டு கேரியர்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. கேரியரைக் குறையில்லாத நாயோடு சேர்த்தால் நோய் தாக்கும் குட்டி பிறக்காது. நல்ல நாயை ஒதுக்காமல், சோடி பார்த்துச் சேர்ப்பதுதான் வித்தை.

சினை 63 நாள், ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். இந்த மாதங்களில்தான் அன்பு மிகுந்து ஒரு தப்பு நடக்கிறது. சினை நாய்க்குத் தினமும் கால்சியம் சிரப். குட்டிகளுக்கு எலும்பு வலுக்க வேண்டுமாம். பால் மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். கன்று போட்ட மாடு பால் காய்ச்சல் வந்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் படுத்துவிடுகிறதே, அதே கால்சியம் குறைவுதான் இங்கேயும். மாடு சில்லிட்டுப் படுக்கும், நாய்க்கு உடம்பு கொதித்து வெட்டி இழுக்கும், அதுதான் வித்தியாசம். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும் சுரப்பி ஒன்று உடம்பில் இருக்கிறது. வெளியிலிருந்து சிரப் வந்துகொண்டே இருந்தால் அது வேலையை மறந்துவிடும். குட்டி போட்டுப் பால் பெருகும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் திடீரென்று கால்சியம் தேவைப்படும்போது அதற்குக் கை வராது. ஆகவே சினைக் காலத்தில் நல்ல சாப்பாடு போதும், மருத்துவர் சொல்லாமல் கால்சியம் வேண்டாம்.

அந்த வாரங்களில் தாய்க்கு இடைவிடாமல் மூச்சு இளைத்தால், நிலைகொள்ளாமல் சுற்றினால், கால் விறைத்து நடந்தால், தசை துடித்தால் "வெயிலுக்கு இளைக்குது" என்று மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு உடனே மருத்துவமனை. இழுப்பு வந்த நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நாங்கள் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றுவோம். நேரத்தோடு வந்துவிட்டால் கண்முன்னே எழுந்து நிற்கும்.

குட்டிப் பெட்டிக்கு விளக்குப் போட்டு, முதல் வாரம் 30 டிகிரி வெப்பம் வையுங்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். குளிர் நாட்டுக்காக எழுதியது. சித்திரையில் ஈரோட்டில் அறையே அதைத் தாண்டி நிற்கும்போது மேலே பல்பும் போட்டால் குட்டி வெந்துவிடும். ஆனால் ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று திண்ணையில் வைத்த பெட்டியைச் சில்லிட வைத்துவிடும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள், குட்டிகளையும் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். தனித்தனியே விலகி, வாயைத் திறந்து கிடந்தால் சூடு.

இன்னொரு படிப்பு நீங்களே எழுதிப் படிப்பது. ஒரு நோட்டும், சமையலறை எடைத் தராசும். குட்டிகளின் கழுத்தில் வேறு வேறு நிற நூல் கட்டித் தினமும் ஒரே நேரத்தில் கிராம் கணக்கில் எடை எழுதுங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கலாம். அதன் பிறகு தினமும் ஏற வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் பிறந்த எடை இரட்டிப்பாகும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே அது சேதி. கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, 100 கிராம் குட்டியில் 5 கிராம் கைக்குத் தெரியுமா? குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்திலிருந்து, அதுவும் எடை பார்த்துத்தான். அதற்கும் அந்த நோட்டுதான்.

விற்பனைக்கு வருவோம். நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு 2017இல் விதிகள் போட்டது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் நிறையாத பெட்டையையும் 8 வயது கடந்த பெட்டையையும் சேர்க்கைக்கு விடக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கிடையாது. அழகுக்காக வாலை நறுக்குவதற்கும் தடை. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் வேண்டும். "சின்னதா வீட்டுல செய்யறமுங்க, நமக்கெதுக்கு" என்று கேட்பார்கள். விற்று லாபம் பார்த்தால் விதி உங்களுக்கும்தான்.

வாங்க வருகிறவருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். என்ன சாப்பாடு, எத்தனை வேளை, எந்தத் தேதியில் என்ன ஊசி, கடைசி எடை எவ்வளவு. சின்ன டெரியர் குட்டிக்கு மூன்று நாலு மாசம் வரைக்கும் வயிறு காய்ந்தால் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், இழுப்பும் வரும். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கூடையில் வைத்துக் கொண்டுவந்த குட்டி விடியற்காலை காந்திபுரத்தில் துவண்டு இறங்குவது இதனால்தான். வழியில் ஊட்ட ஈரமான தீனி கொஞ்சம் இருக்கட்டும், ஒரு சிறு பாட்டிலில் தேன். குட்டி சோர்ந்தால் தேனை விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே பக்கத்து மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள், தமிழில், பெரிய எழுத்தில்.

நன்றி, வணக்கம்.